எரர் காசா, அடிபட்ட காசா? புதிதாகத் தேடுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வித்தியாசமாக ஒரு காசு கையில் சிக்கியதும் பலர் செய்யும் முதல் வேலை, புளியும் உப்பும் போட்டு அதைத் தேய்ப்பது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். காசு நாணயச் சாலையிலேயே பிழையோடு அடிக்கப்பட்ட எரரா, வெளியே வந்து அடிபட்டதா என்று சொல்லக்கூடிய அடையாளமெல்லாம் அதன் மேற்பரப்பில்தான் இருக்கிறது. அழுக்கு எந்தப் பள்ளத்தில் தங்கியிருக்கிறது, கீறல் பழையதா புதியதா, உலோகம் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது, எல்லாமே அங்கேதான். தேய்த்தால் அந்தச் சாட்சி போய்விடும். நிஜமான எரராகவே இருந்தாலும், தேய்த்து மினுக்கிய காசை விவரம் தெரிந்தவர் சீண்ட மாட்டார். மண் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், போதும்.

இதை முதலிலேயே அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் காவிரிப் பக்கத்தில் காசு படும் பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. ஆடிப்பெருக்கன்று ஆற்றில் போடுகிறோம், ஐப்பசியில் மயிலாடுதுறை துலாக்கட்டத்தில் போடுகிறோம், ரயில் கொள்ளிடம் பாலத்தில் போகும்போது ஜன்னல் வழியே வீசுகிறோம், வாசக்கால் நிறுத்தும்போது அடியில் வைக்கிறோம், பிள்ளைகள் தண்டவாளத்தில் வைத்து நசுக்கிப் பார்க்கிறார்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போனால் உப்புக்காற்று வேறு. இத்தனையையும் தாண்டித் திரும்பவும் டீக்கடைக் கல்லாவுக்கு வரும் காசு வித்தியாசமாக இருப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆகவே இங்கே கண்ணில் படும் விசித்திரக் காசுகளில் பெரும்பாலானவை அடிபட்டவைதான். நிஜ எரர்களும் இருக்கின்றன, சில்லறையில் அவை கிடைக்கவும் செய்கின்றன. இரண்டையும் பிரிக்கக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இந்த மாற்றம் அச்சடிக்கும் இயந்திரத்துக்குள் நடந்திருக்க முடியுமா? முடியும் என்றால், எந்தக் கட்டத்தில், எப்படி என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அது எரர் என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.

முதலில், காசு எப்படிப் பிறக்கிறது

இதைத் தெரிந்துகொள்ளாமல் எரர் தேடப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். நம் நாட்டில் மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா என நான்கு இடங்களில் அரசு நாணயச் சாலைகள் இருக்கின்றன. அங்கே நீளமான உலோகத் தகட்டிலிருந்து வட்ட வட்டமாக வில்லைகளை வெட்டுகிறார்கள். அந்த வில்லையைச் சூடாக்கி மென்மையாக்கி, விளிம்பு லேசாக மேலே எழும்பும்படி ஓர் இயந்திரத்தில் உருட்டி நெருக்குகிறார்கள். அப்புறம் அது அச்சு இயந்திரத்துக்குப் போகிறது. கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு, சுற்றிலும் காலர் என்ற வளையம். ஒரே அடி. இரண்டு பக்கமும் படம் விழுகிறது, காலர் தடுப்பதால் காசு பக்கவாட்டில் பிதுங்காமல் சரியான அளவில் நிற்கிறது. காசின் பக்கச் சுவரில் பல்லோ கோடோ இருந்தால் அதையும் பெரும்பாலும் அந்தக் காலர்தான் தருகிறது.

பிழை நேரக்கூடிய இடங்களும் இவைதான்: வில்லை தப்பாக வெட்டப்படலாம், அச்சு பழுதாகலாம், அடி தப்பாக விழலாம். எந்த எரரை எடுத்தாலும் இந்த மூன்றில் ஒன்றில் போய் நிற்கும். காசைக் கையில் எடுத்ததும் "இது வில்லைத் தப்பா, அச்சுத் தப்பா, அடித் தப்பா?" என்று கேட்டுப் பழகுங்கள்.

கையில் என்ன வேண்டும்

10 மடங்கு பெரிதாகக் காட்டும் ஒரு லென்ஸ், பத்தர்களும் வாட்ச் ரிப்பேர்க்காரர்களும் வைத்திருப்பது போன்றது. 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு. ஒரு காந்தம். வாய்ப்பிருந்தால் விட்டம் அளக்க ஒரு வெர்னியர் அளவுகோல். இவற்றைவிட முக்கியம், அதே வகையில் ஒரு நல்ல காசு. சந்தேகக் காசுக்குப் பக்கத்தில் அதே மதிப்பு, அதே வடிவமைப்பு, அதே வருடத்துக் காசு ஒன்றை வைத்துப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

அடிக்கடி தேவைப்படும் எடைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய ஸ்டீல் 25 பைசா 2.83 கிராம், 19 மி.மீ. ஸ்டீல் 50 பைசா 3.79 கிராம், 22 மி.மீ. 1992 முதல் 2004 வரை வந்த ஸ்டீல் 1 ரூபாய் 4.85 கிராம், 25 மி.மீ. 11 பக்கம் கொண்ட பழைய 2 ரூபாய் 6 கிராம், 26 மி.மீ. தடித்த 5 ரூபாய் 9 கிராம், 23 மி.மீ. அதற்குப் பின் வந்த பித்தளை நிற 5 ரூபாய் 6 கிராம். இரட்டை உலோக 10 ரூபாய் 7.71 கிராம், 27 மி.மீ. ஸ்டீல் காசுகள் காந்தத்தில் ஒட்டும். தாமிரமும் நிக்கலும் கலந்த பழைய 2 ரூபாயும் 5 ரூபாயும் ஒட்டாது. எடையில் புழக்கத் தேய்மானத்துக்குக் கொஞ்சம் தள்ளுபடி கொடுங்கள்.

வித்தியாசமாக இருப்பதெல்லாம் பிழை இல்லை

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான். வடிவமைப்பு மாறியிருந்தால் அது எரர் இல்லை. 10 ரூபாய்க் காசையே எடுத்துக்கொள்ளுங்கள். 10 கோடு இருந்தால் நல்லது, 15 கோடு இருந்தால் போலி என்று ஒரு வதந்தி கிளம்பி, கடையிலும் பஸ்ஸிலும் வாங்க மறுத்து எத்தனை சண்டை! 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, 14 வடிவமைப்புகளில் 10 ரூபாய்க் காசு வந்திருக்கிறது, ரூபாய்க் குறி உள்ளதும் இல்லாததும் எல்லாமே செல்லும் என்று தெளிவாகச் சொன்னது. கோடு எண்ணி எரர் கண்டுபிடிக்க முடியாது.

நினைவு நாணயங்களும் அப்படித்தான். 1995-இல் தஞ்சாவூரில் எட்டாவது உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது திருவள்ளுவர் படம் போட்ட காசுகள் வந்தன. 2010-இல் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு 5 ரூபாய் வந்தது. நம் ஊர்க்காரர்கள் ஆசையாக எடுத்து வைத்திருப்பார்கள், வைத்திருக்க வேண்டியதுதான், ஆனால் அவை பிழைகள் அல்ல. 2012-இல் வந்த வைஷ்ணவ தேவி காசு லட்சக்கணக்கில் போகும் என்று வீடியோக்கள் சுற்றுகின்றன. அது புழக்கத்துக்கு விட்ட சாதாரண நினைவு நாணயம், அவ்வளவுதான்.

அடுத்தது வருடத்துக்குக் கீழே இருக்கும் குறி. வைரக்கட்டி வடிவம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், வட்டப் புள்ளி நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. "குறி விட்டுப்போச்சு, எரர்" என்று காட்டப்படும் காசுகளில் பல கொல்கத்தாக் காசுகள். சில வருடங்களில் வெளிநாட்டிலும் நம் காசை அடித்து வாங்கியிருக்கிறார்கள். 1985-ஆம் வருட 1 ரூபாயில் வருடத்தின் கீழே ஆங்கில எச் எழுத்து இருந்தால் அது இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் அடித்தது. மாஸ்கோவில் அடித்த 5 ரூபாயும் உண்டு. புரியாத குறியைப் பார்த்தால் முதலில் நாணயச் சாலைப் பட்டியலைப் பாருங்கள்.

மேடா, பள்ளமா

சரி, இனி லென்ஸை எடுங்கள். காசின் மேல் ஒரு கோடு தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அது மேடாக இருக்கிறதா, பள்ளமாக இருக்கிறதா? வெளிச்சத்தை ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக விட்டு, காசை மெல்லத் திருப்பிப் பாருங்கள். நிழல் விழும் பக்கம் மாறும்போது தெரிந்துவிடும்.

மேடான கோடு என்றால் அச்சிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். அச்சு வெடித்தால் அந்த வெடிப்பில் உலோகம் புகுந்து காசின் மேல் மேடாக எழும்பும். வெளியே நடக்கும் எந்த விபத்தும் காசின் மேல் சீரான மெல்லிய மேட்டுக்கோட்டை உண்டாக்காது. பள்ளமான கோடு என்றால் பெரும்பாலும் கீறல். கீறலுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு: பள்ளத்தின் இரண்டு ஓரத்திலும் உலோகம் பிதுங்கி மெல்லிய வரப்பு மாதிரி எழும்பியிருக்கும், நகத்தை வைத்து நெருடினால் தட்டுப்படும். எழுத்தின் மேலே ஏறி அதை வெட்டிக்கொண்டு போகும் கோடும் கீறல்தான். அச்சு வெடிப்போ எழுத்தோடு எழுத்தை இணைத்துக்கொண்டு, எழுத்தைச் சேதப்படுத்தாமல் போகும்.

இந்த விதிக்கு விலக்கு ஒன்று உண்டு. அடி விழும்போது வில்லைக்கும் அச்சுக்கும் நடுவே நூலோ கம்பித் துணுக்கோ மாட்டிக்கொண்டால் காசில் பள்ளம் விழும், அது நிஜ எரர்தான். அந்தப் பள்ளத்தின் அடி வழவழப்பாக, ஓரம் பிதுங்காமல் இருக்கும். இதைப் பிரித்துச் சொல்லக் கண் பழக வேண்டும், அவசரப்படாதீர்கள்.

அச்சின் ஓரத்தில் ஒரு துண்டு உடைந்தே போய்விட்டால் காசின் விளிம்பில் படம் இல்லாமல் ஒரு மேட்டுத் திட்டு உருவாகும். சேகரிப்பவர்கள் இதை "கட்" (ஆங்கிலத்தில் cud; வெட்டு என்ற பொருள் இல்லை) என்பார்கள். இதற்கு நேர் பின்பக்கத்தில் எழுத்து மங்கலாக விழுந்திருக்கும், ஏனென்றால் உலோகம் அந்தக் குழிக்குள் போய்விட்டது. பின்பக்கம் பளிச்சென்று இருந்து முன்பக்கம் மட்டும் திட்டு இருந்தால், ஈயமோ பசையோ ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தாலிக்கயிற்றிலோ அரைஞாணிலோ கோக்க வளையம் பற்றவைத்து, பின்னால் வளையம் விழுந்துபோன காசுகள் நம் பக்கம் நிறைய. அந்தப் பற்றுத் திட்டின் நிறமே வேறாக இருக்கும்.

ஸ்டீல் கடினமான உலோகம், அதனால் அச்சு சீக்கிரம் தேயும், வெடிக்கும். மெல்லிய வெடிப்புக் கோடு உள்ள ஸ்டீல் காசுகள் அரிது இல்லை. படிப்பதற்கு அருமையானவை, விலைக்கு அல்ல.

வெட்டுப்பட்ட காசு

நான் புதியவர்களுக்கு முதலில் காட்டுவது இந்த வகையைத்தான், ஏனென்றால் நிஜத்தையும் பொய்யையும் இதில் நிச்சயமாகப் பிரிக்க முடியும். பூரிக்கு மாவைப் பரப்பி டப்பா மூடியால் வட்டம் வட்டமாக வெட்டும்போது, மூடி முந்தைய ஓட்டையின் மேல் கொஞ்சம் ஏறிவிட்டால் அடுத்த வட்டத்தில் ஒரு பிறைத் துண்டு குறையும் அல்லவா? வில்லை வெட்டும் இயந்திரத்தில் தகடு சரியாக நகராவிட்டால் அப்படியே நடக்கிறது.

என்னிடம் இருக்கும் ஒரு ஸ்டீல் 1 ரூபாயைச் சொல்கிறேன். வலது பக்கம் பிறை வடிவில் குறை. எடை 4.5 கிராமுக்கும் கொஞ்சம் கீழே. குறையின் ஓரத்தை லென்ஸில் பார்த்தால் அறுத்த தடம் எதுவும் இல்லை, பக்கத்தில் இருக்கும் எழுத்துகள் குறையை நெருங்க நெருங்க மெலிந்து, கால் நீண்டு, அந்த வெற்றிடத்தை நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. அடி விழும்போது அந்தப் பக்கம் தடுப்பு இல்லாததால் உலோகம் அங்கே ஓடியிருக்கிறது. இப்போது குறைக்கு நேர் எதிர்ப்பக்கம், அதாவது இடது விளிம்பைப் பாருங்கள். அங்கே விளிம்பே சரியாக எழும்பவில்லை, தட்டையாக மங்கி இருக்கிறது. காரணம் எளிது: விளிம்பை எழுப்பும் இயந்திரம் வில்லையை இரண்டு பக்கமிருந்தும் நெருக்குகிறது. ஒரு பக்கம் துண்டு இல்லையென்றால் அந்தப் பக்கம் பிடிப்பு கிடைக்காது, பிடிப்பு இல்லாவிட்டால் எதிர்ப்பக்கமும் அழுத்தம் விழாது. நாணயம் படிப்பவர்கள் இதை பிளேக்ஸ்லி விளைவு என்கிறார்கள்.

கத்திரியாலோ ரம்பத்தாலோ வெட்டிய காசில் இது வரவே வராது. எழுத்து நடுவில் சட்டென்று துண்டாகியிருக்கும், எதிர் விளிம்பு முழு உயரத்தில் நிற்கும், வெட்டிய ஓரத்தில் அரத்தின் கோடுகள் தெரியும். பிளேக்ஸ்லி விளைவு எல்லா நிஜக் காசிலும் பளிச்சென்று தெரியாது, குறை சின்னதாக இருந்தால் மங்கலாகவே இருக்கும். ஆனால் எழுத்தின் ஓட்டம் பொய் சொல்லாது.

நகர்ந்து விழுந்த அடியும் காலர் இல்லாத அடியும்

வில்லை அச்சின் நடுவில் உட்காராமல் ஒரு பக்கம் தள்ளி இருக்கும்போது அடி விழுந்தால், படம் ஒரு பக்கம் வெளியே போய்விடும், மறுபக்கம் வெறும் பிறை மிஞ்சும். சந்தையில் இதை ஆஃப் சென்டர் என்பார்கள். பழைய ஸ்டீல் 25 பைசா, 50 பைசா, 1 ரூபாயில் இந்த வகை ஓரளவு கிடைக்கும். இரண்டு பக்கத்தையும் பாருங்கள். முன்பக்கம் படம் எந்தத் திசையில் நகர்ந்திருக்கிறதோ, பின்பக்கமும் அதற்கு ஒத்த இடத்தில் நகர்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் வில்லைதான் நகர்ந்தது, அச்சுகள் அல்ல. ஒரு பக்கம் மட்டும் எழுத்து காணாமல் போய், மறுபக்கம் முழுதாக இருந்தால் யாரோ அரத்தால் ராவியிருக்கலாம். அதோடு, வெறும் பிறைப் பகுதி புதுத் தகடு போல இருக்கும், ராவிய கோடு இருக்காது. வருடம் முழுதாகத் தெரியும் ஆஃப் சென்டருக்கு மதிப்பு அதிகம்.

விளிம்பு ஒரு பக்கம் கொஞ்சம் தடித்து மறுபக்கம் மெலிந்து, ஆனால் படம் எதுவும் வெளியே போகாத காசை ஆஃப் சென்டர் என்று விற்கப் பார்ப்பார்கள். அது புழக்கக் காசில் சகஜம்.

காலர் இறங்கிவிட்டால் படம் நடுவிலேயே விழும், ஆனால் தடுக்க ஆள் இல்லாததால் காசு அகலமாகப் பரந்துவிடும். இங்கேதான் தண்டவாளக் காசு வந்து குழப்பும். பாபநாசம், திருவாரூர்ப் பக்கம் பிள்ளைகள் வைத்து எடுக்கும் காசும் அகலமாகத்தான் இருக்கும். எடை இரண்டிலும் சரியாகவே வரும், அதனால் தராசு இங்கே உதவாது. எழுத்தைப் பாருங்கள். காலர் இல்லாமல் அடித்த காசில் படம் அழுத்தமாக, சிங்கத்தின் பிடரி மயிர் வரை தெரியும், விளிம்பு மட்டும் பரந்திருக்கும். தண்டவாளத்தில் நசுங்கிய காசில் எழுத்தும் சேர்ந்து நசுங்கி, ஒரு திசையில் இழுபட்டு, முட்டை வடிவமாகி, மேற்பரப்பு கண்ணாடி போல வழுக்கும். சுத்தியலால் அடித்துப் பரப்பிய காசில் அடி விழுந்த தட்டைகள் தனித்தனியே தெரியும். டிராக்டரின் கேஜ் வீலில் மாட்டி வளைந்த காசைக்கூட எரர் என்று கொண்டுவருவார்கள். காசு வளைந்திருப்பதே அது வெளியே பட்ட அடி என்பதற்குப் போதுமான சாட்சி, லென்ஸ் வேண்டியதில்லை.

லக்கி

வட இந்திய வியாபாரிகள் வைத்த பெயர், இங்கேயும் அப்படியே சொல்கிறார்கள். அடித்து முடிந்த காசு ஒன்று அச்சிலேயே ஒட்டிக்கொண்டு வெளியே விழாமல் இருக்கும்போது அடுத்த வில்லை வந்துவிடுகிறது. இப்போது ஒரு பக்கம் உண்மையான அச்சு, மறுபக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் காசு. அடி விழுந்ததும் புது வில்லையின் ஒரு பக்கம் சிங்கம் மேடாக விழுந்தால், மறுபக்கம் அதே சிங்கம் கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறிப் பள்ளமாக விழுகிறது. இரண்டு பக்கமும் ஒரே படம் என்பதுதான் முக்கியம். பள்ளத்தில் விழுந்த படம் கூர்மையாக, காசு முழுக்க நிறைந்திருக்கும்.

போலி செய்வது எப்படி என்றால், இரண்டு காசை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பட்டறையில் இருக்கும் வைஸ் என்ற இறுக்குக் கருவியில் இறுக்குவது. அப்படிச் செய்தால் பள்ளப்படத்துக்கு அடியில் முன்பே இருந்த படத்தின் மிச்சம் நசுங்கிக் கிடக்கும், பின்பக்கம் வைஸின் தாடை பட்டுத் தட்டையாகியிருக்கும், பள்ளமும் ஆழமில்லாமல் அங்கங்கே மட்டும் இருக்கும். லென்ஸில் பழைய படத்தின் ஒரு சின்னத் துண்டு தெரிந்தாலும் போதும், விட்டுவிடுங்கள்.

காணாமல் போன எழுத்து, இரட்டை எழுத்து, திரும்பிய படம்

அச்சின் குழியில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்தால் அந்த எழுத்து விழாது. வருடத்தில் ஓர் இலக்கம் இல்லாத காசுகள் இப்படித்தான் வருகின்றன. தேய்ந்து போனதா என்று சந்தேகம் வந்தால் காசின் உயரமான இடத்தைப் பாருங்கள், அசோகச் சிங்கத்தின் முகம்தான் முதலில் தேயும். முகம் கூர்மையாக இருந்து ஓர் இலக்கம் மட்டும் மென்மையாகக் கரைந்தது போல மறைந்திருந்தால் பிசுக்கு. முகமும் வழித்துவிட்டாற்போல் இருந்தால் தேய்மானம். இலக்கம் இருந்த இடம் லேசாகக் குழிந்து, அங்கே மட்டும் மினுக்கினால் யாரோ சுரண்டியிருக்கிறார்கள்.

எழுத்து இரட்டையாகத் தெரிவதில் நிதானம் வேண்டும். அடி விழுந்த நொடியில் அச்சு அசைந்து எழுத்தின் ஓரத்தை மழித்துவிட்டால், தட்டையான படிக்கட்டு போன்ற நிழல் தெரியும், எழுத்து வழக்கத்தைவிட மெலிந்திருக்கும். இது நிறையக் கிடைக்கும், மதிப்பில்லை. அச்சைச் செய்யும்போதே படம் இரண்டு முறை பதிந்திருந்தால்தான் சேகரிப்பவர் தேடும் இரட்டை அச்சு. அதில் இரண்டு எழுத்தும் உருண்டு திரண்டு மேடாக இருக்கும், எழுத்து தடித்திருக்கும், முனைகளில் பிளவு தெரியும்.

திரும்பிய படத்துக்குச் சோதனை சுலபம். நம் காசைத் தலைப்பக்கம் நேராகப் பிடித்து, புத்தகப் பக்கம் புரட்டுவது போல இடவலமாகத் திருப்பினால் பின்பக்கமும் நேராக நிற்க வேண்டும். சில டிகிரி சாய்வு சகஜம். கால்வட்டம், அரைவட்டம் திரும்பியிருந்தால் எடுத்து வையுங்கள். இதை யாரும் வெளியில் போலியாகச் செய்ய முடியாது, இரண்டு காசை அறுத்து ஒட்டினால் ஒழிய. ஒட்டியிருந்தால் பக்கச் சுவரில் இணைப்புக்கோடு தெரியும், தரையில் போட்டால் சத்தம் செத்து வரும்.

10 ரூபாயின் நடுவட்டம்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதிகம் ஏமாற்றப்படுவது இதில்தான். வளையமும் நடுவட்டமும் முதலில் சேர்க்கப்பட்டு, அப்புறம்தான் ஒரே அடியில் படம் விழுகிறது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவட்டத்தில் இருக்கும் சிங்கம், வளையத்தில் இருக்கும் எழுத்துக்குச் சம்பந்தமில்லாமல் சாய்ந்தோ தலைகீழாகவோ இருந்தால் அது இயந்திரத்தில் நடந்திருக்கவே முடியாது. நடுவட்டத்தைத் தட்டி எடுத்துத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். இணைப்பில் கருவி பட்ட தடம் இருக்கும், நகத்தால் அழுத்தினால் சில சமயம் ஆடவும் ஆடும்.

நிஜ எரரில் வளையத்தின் ஓட்டை தள்ளி வெட்டப்பட்டிருக்கும். அப்போது நடுவட்டம் நகர்ந்திருக்கும், ஆனால் படம் காசின் நடுவிலேயே சரியாக நிற்கும், சிங்கத்தின் ஒரு பகுதி மஞ்சள் வளையத்தின் மேலேகூட ஏறியிருக்கலாம், இணைப்பில் கோடு அறுபடாது. நடுவட்டமே இல்லாத வளையம் கிடைத்தால் உள் ஓரத்தைப் பாருங்கள். வெறும் வளையமாகவே அடி வாங்கியிருந்தால் உலோகம் உள்பக்கம் பிதுங்கி ஓரம் உருண்டிருக்கும். தட்டி எடுத்ததென்றால் உள் சுவர் நேராக, பிடித்திருந்த தடத்தோடு இருக்கும்.

நிறம் மாறிய காசுகள்

ஹோம குண்டத்தில் விழுந்த ஸ்டீல் காசு பொன்னிறமும் நீலமுமாக மாறும், வெப்பம் செய்யும் வேலை அது. பித்தளை நிற 5 ரூபாயை எலுமிச்சையில் போட்டால் துத்தநாகம் கரைந்து தாமிரச் சிவப்பு மேலே வரும். ஆற்றுமணலில் உருண்ட காசு சொரசொரப்பாகி, விளிம்பு மழுங்கி, எடையும் குறைந்திருக்கும். "மெல்லிய வில்லையில் அடித்த எரர்" என்று விற்கப்படுவதில் சில இவைதான். இன்னும் சில அமிலத்தில் ஊறவைத்தவை. மெல்லிய வில்லை என்றால் எடை குறைந்தாலும் எழுத்து கூர்மையாக இருக்க வேண்டும். வேறு மதிப்புக்கான வில்லையில் அடித்திருக்கிறது என்று தோன்றினால், எடையும் விட்டமும் காந்தமும் மூன்றும் அந்த வேறு வில்லையோடு ஒத்துப்போக வேண்டும். நிறத்தை மட்டும் நம்பி ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

பழங்காசுக்கு இந்தக் கணக்கு செல்லாது

நம் மண்ணில் இராசராசன் காலத்துச் செப்புக்காசு, தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை இருந்த டேனிஷ்காரர்களின் காசு என்று பழையவை கைக்கு வரும். இந்தக் காசுகள் பெரும்பாலும் கையால் சுத்தியல் கொண்டு அடிக்கப்பட்டவை. படம் பாதி வெளியே போயிருப்பதும் ஓரம் வெடித்திருப்பதும் அந்தத் தொழிலின் இயல்பு. நிற்கும் மனித உருவத்தின் தலை இல்லை என்பதற்காக எரர் விலை கேட்பவரிடம் வாங்காதீர்கள். வயலில் உழும்போதோ வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதோ இவை கிடைத்தால் அதற்கென்று சட்டம் இருக்கிறது. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தகவல் தர வேண்டும், வி.ஏ.ஓ. அல்லது தாசில்தார் வழியாகவே தொடங்கலாம்.

விற்கப் போகும் முன்

உங்கள் காசு லட்சம் பெறும், பதிவுக் கட்டணம் மட்டும் அனுப்புங்கள், வரி மட்டும் கட்டுங்கள் என்று யாராவது போன் செய்தால் உடனே வைத்துவிடுங்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே இப்படிப் பணம் பறிக்கிறார்கள். பழைய காசு, நோட்டு விற்பனையில் தாங்கள் ஈடுபடுவதில்லை, கட்டணம் எதுவும் கேட்பதில்லை என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. டெல்டாவில் ஓய்வுபெற்ற பெரியவர்கள் பலர் இதில் பணம் இழக்கிறார்கள், பார்க்க வயிறு எரிகிறது. வாங்குகிறவர் உங்களுக்குப் பணம் தர வேண்டும், நீங்கள் அவருக்குத் தர வேண்டியதில்லை.

நீங்களும் எரர் "செய்து" பார்க்க நினைக்காதீர்கள். காசை வெட்டுவதும் உருக்குவதும் 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி குற்றம், சிறைத்தண்டனை உண்டு.

எடுத்து வைப்பது

ஐப்பசி கார்த்திகை ஈரம் காசுக்குப் பெரிய எதிரி. வளைந்துகொடுக்கும் பி.வி.சி. பிளாஸ்டிக் உறையில் வைத்தால் நாளடைவில் பச்சைப் பிசுபிசுப்பு கசிந்து காசைத் தின்றுவிடும். ஜன்னல் வைத்த அட்டை உறை, இல்லாவிட்டால் சாதாரணக் காகித உறையே நல்லது. டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு, மழைக்காலத்தில் மாற்றுங்கள். காசை விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள், முகத்தில் விரல் படக்கூடாது. உறையின் மேல் மதிப்பு, வருடம், நாணயச் சாலைக் குறி, எடை, விட்டம், காந்தத்தில் ஒட்டுகிறதா, எங்கே கிடைத்தது, அப்புறம் வில்லையா அச்சா அடியா என்ற உங்கள் முடிவு, அந்த முடிவுக்கு என்ன காரணம் என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். எழுதிவிட்டுத்தான் உறைக்குள் காசைப் போட வேண்டும், உள்ளே காசு இருக்கும்போது மேலே பேனாவை அழுத்தினால் அது காசின் மேல் பதியும்.